யாரைப் பணயம் வைக்கிறோம்?

செஞ்சிக் கோட்டைக்கு அருகில் இருக்கும் மேலச்சேரியைப் பழைய செஞ்சி என்பார்கள். அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலை இந்த வட்டாரத்துத் திரௌபதி கோயில்களுக்கெல்லாம் மூலக் கோயிலாக மக்கள் மதிக்கிறார்கள். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வழிபாட்டை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சியும் குருக்ஷேத்திரமும் சேர்ந்து நிற்கின்றன. திருவிழாக் காலத்தில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. முடிவில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் படுகளமும் தீமிதியும். இவற்றுக்கு நடுவில் ஓர் இரவு, தருமர் சூதில் பாஞ்சாலியை இழக்கும் சூது துகில் கூத்து.

அந்த இரவில் கூட்டத்தின் கண்கள் தருமர் மீதும் பாஞ்சாலி மீதும் இருக்கும். ஆனால் சபையில் இன்னொருவன் இருக்கிறான். துரியோதனன் பகடையைத் தொடுவதே இல்லை. பொருளை வைப்பவன் அவன். அவனுக்காக ஆடுபவர் மாமன் சகுனி. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையா என்று தருமரே முதலில் தயங்குகிறார். தயங்கியவர் பிறகு உட்கார்ந்தும் விடுகிறார். வில்லிபுத்தூரார் தம் பாரதத்தில் இந்தப் பகுதிக்குச் சூதுபோர்ச் சருக்கம் என்று பெயர் வைத்தார். போர் என்றால் போரிடுபவன் களத்தில் நிற்க வேண்டும். இந்தப் போரிலோ பந்தயம் கட்டியவன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தவன் ஆட்டத்தில் நம் பொருளை வைக்கும் அந்தப் பழைய வழி இன்று உலகம் முழுவதும் கடை விரித்திருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த மத்தியத் தடையை நீக்கியபின் அங்கே மாநிலம் மாநிலமாக அது சட்டபூர்வமாயிற்று. அதில் ஒரு வகை, தொழில்முறை கோல்ஃப் போட்டிகளில் இரண்டு ஆட்டக்காரர்களை மட்டும் பிரித்தெடுத்து எதிரெதிரே நிறுத்தும் பந்தயம். நான்கு நாள், 72 குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவர் வெல்வார். 156 பேர் வரை இறங்கும் போட்டியில் கோப்பை யாருக்கு என்று சொல்வது மிகக் கடினம். அதனால் பந்தயக் கடை வேறொன்றைக் கேட்கிறது: இந்த இருவரில் யார் குறைந்த அடியில் முடிப்பார்? இருவரும் நாற்பதாவது இடத்துக்குப் பின்னால் முடித்தாலும் கவலை இல்லை. ஒரே ஓர் அடி வித்தியாசம் போதும்.

இரண்டில் ஒன்று என்றதும் எளிதாகத் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தில்தான் கண்ணி இருக்கிறது. ஒருவர் காலையில் ஆடுவார், மற்றவர் காற்று கிளம்பிய பிற்பகலில் ஆடுவார். ஒருவர் நன்றாக அடித்த பந்து மணற்குழியில் விழும், மற்றவர் தவறவிட்ட பந்து மரத்தில் பட்டுத் திரும்பிப் புல்தரைக்கே வரும். இவற்றையெல்லாம் செல்போன் திரையில் பார்ப்பவன் அறிவால் கணித்துவிட்டதாக நம்புகிறான்.

அவன் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். இருவரும் சமபலம் என்றால் வழக்கமான விலை இது: 110 கட்டினால், வென்றபோது லாபம் 100. தோற்றால் 110-ம் போகும். நூறு முறை கட்டி ஐம்பது முறை வென்றவனுக்கு வரவு 5,000, இழப்பு 5,500. பாதிக்குப் பாதி சரியாகச் சொன்னவன் கையில் 500 குறைகிறது. 52 முறை வென்றால்கூட 80 நஷ்டம். 53 முறை வென்றால்தான் தலை தப்பும். எதிரில் உட்கார்ந்திருப்பதோ ஒவ்வொரு ஆட்டக்காரரின் ஒவ்வோர் அடியையும் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் நிறுவனம். யார் ஜெயித்தாலும் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு விலை போடுவது அதன் தொழில்.

பணம் போவது ஒரு பக்கம். மனம் போவது அதைவிடப் பெரிய இழப்பு. 2023 ஆகஸ்டில் சிகாகோவுக்கு அருகே நடந்த பி.எம்.டபிள்யூ போட்டியில் மேக்ஸ் ஹோமா என்ற வீரர் குழிக்குச் சில அடி தூரத்தில் பந்தைத் தட்டப் போகும் நேரத்தில், பார்வையாளர் ஒருவர் அவர் தவறவிட வேண்டும் என்று உரக்கக் கத்தினார். காரணம் ஒரு பந்தயம். அதன் தொகை 3 டாலர் என்று ஹோமாவே பிறகு சொன்னார். அந்தப் பார்வையாளரின் கண்ணில் எதிரே நின்றவர் பல்லாண்டு உழைத்துக் கைப்பழக்கம் பெற்ற மனிதராகத் தெரியவில்லை. உருண்டு விழ வேண்டிய பகடைக்காயாகத்தான் தெரிந்தார். அடுத்தவன் கை தவறினால் எனக்கு ஆதாயம் என்று ஆகிவிட்டால், திறமையைக் கண்டு வியக்கும் நல்ல குணம் நம்மைவிட்டுப் போய்விடும்.

செஞ்சியில் கோல்ஃப் திடல் இல்லை, செல்போன் இருக்கிறது. இங்கே கட்டுவது பெரும்பாலும் கிரிக்கெட்டில். இந்த பேட்ஸ்மேனா அந்த பேட்ஸ்மேனா, யார் அதிக ரன் என்று கேட்பதும் அதே இருவர் மோதல்தான். ஆட்டம் மாறினாலும் வலை ஒன்றே.

சட்டம் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023-இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்ற சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் திறமை என்று விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா, அதிர்ஷ்டமா என்ற பிரிவினையையே விட்டுவிட்டு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. நீதிமன்றத்துக்கு அந்தக் கேள்வி தேவைப்பட்டிருக்கலாம். வாழ்க்கைக்கு வேறு கேள்வி தேவை. கோல்ஃப் திறமைதான், அது ஆடுபவரின் திறமை. கட்டியவன் கையில் இருப்பது என்ன? உழைக்காமல் வர வேண்டும் என்ற ஆசையும், வராவிட்டால் வீட்டில் சொல்ல ஒரு பொய்யும்தான்.

சூது துகிலுக்கே திரும்புவோம். தருமர் நாட்டைத் தோற்றார், தம்பியரைத் தோற்றார், தம்மையே தோற்றார். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று கடைசியில் பாஞ்சாலியை வைத்தார். அவள் சபையைக் கேட்டது ஒரே கேள்வி. தம்மைத் தோற்றபின் என்னை வைத்தாரா, என்னை வைத்தபின் தம்மைத் தோற்றாரா? தன்னையே இழந்தவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க உரிமை ஏது? பீஷ்மரே விடை சொல்லத் தடுமாறிய கேள்வி அது.

இந்தக் கேள்வி இன்றும் செஞ்சி வீடுகளின் வாசலில் நிற்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் போட்ட பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அது ஒருவனுடைய பணமா? நாற்று நட்ட மனைவியின் குனிந்த முதுகு அதில் இருக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. தாயின் மாத்திரைச் செலவு இருக்கிறது. அதைத் திரையில் ஒரு விரல் தொட்டுப் பணயம் வைக்கிறது. போனதை மீட்கத் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது, மகளிர் குழுக் கடன் திசை மாறுகிறது, பிறகு கந்துவட்டிக்காரர் வாசலுக்கு வருகிறார். கட்டியவன் முதலில் தோற்றது தன்னை, அதன்பின்தான் வீட்டாரை.

இது கதை அல்ல. நம் மாவட்டத் தலைநகர் விழுப்புரத்தில் 2019 டிசம்பரில், திருட்டுத்தனமாக விற்ற மூன்று நம்பர் லாட்டரியில் பணத்தை இழந்து கடனில் மூழ்கிய நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பமே அழிந்தது. கணவன், மனைவி, மூன்று பெண் குழந்தைகள். அந்தக் குழந்தைகளை யார் எதில் பணயம் வைத்தார்கள்? எந்தப் பந்தயத்திலும் அவர்கள் பெயர் எழுதப்படவில்லை. ஆனாலும் பணயமானவர்கள் அவர்கள்.

செஞ்சிக் கோட்டைக்குள் போகிறவர்களே, களஞ்சியத்தின் முன் சற்று நில்லுங்கள். 1690 முதல் 1698 வரை மொகலாயர் படை சூழ்ந்து கிடந்தபோது இந்தக் கோட்டை தாக்குப் பிடித்தது மலையின் உயரத்தால் மட்டும் அல்ல. உள்ளே தானியம் இருந்தது, தண்ணீர் இருந்தது.  குடும்பத்துக்கும் களஞ்சியம் வேண்டும். சீட்டுப் பணமும், அஞ்சலகச் சேமிப்பும், பெட்டியில் கிடக்கும் அரைப் பவுனும் நம் களஞ்சியங்கள். முற்றுகை நாளில் கை கொடுக்க வேண்டியதைச் சும்மா இருக்கும் நாளில் சூறைவிடுவது குடித்தனம் ஆகாது.

1714-இல் ஆற்காட்டு நவாபின் பெரும் படைக்கு எதிரே சிறு படையோடு குதிரை ஏறிப் போன இதே கோட்டையின் மன்னர் தேசிங்கு மாண்டார். அவர் முடிவு சரியா என்று வரலாறு பேசட்டும். அவர் களத்தில் வைத்தது முதலில் தம் உயிரை. அதனால்தான் இந்த மண் அவரை இன்றும் பாடுகிறது. அடுத்தவன் ஆட்டத்தில் வீட்டாரின் சோற்றை வைத்தவனை எந்த ஊரும் பாடியதில்லை.

ஏற்கெனவே இதில் சிக்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. விட்டதைப் பிடிக்கப் போகாதீர்கள். போனது போனதாக இருக்கட்டும். இன்று இரவே மனைவியிடமோ, அண்ணனிடமோ, நம்பும் நண்பனிடமோ கணக்கை முழுதாகச் சொல்லுங்கள். மனம் உடைந்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் பேசுங்கள். வீட்டில் இருப்பவர்களே, அவன் வாய் திறக்கும்போது திட்டி வாயை அடைக்காதீர்கள். கடனை அடைக்க வழி உண்டு. ஆளை இழந்தால் மீட்க வழி இல்லை.

அடுத்த முறை விரல் அந்தத் திரைக்குப் போகும்போது பாஞ்சாலியின் கேள்வியை உங்களிடம் நீங்களே கேளுங்கள். வைப்பது உங்களுடையதா? இல்லை என்று மனம் சொன்னால், கையை எடுத்துவிடுங்கள்.