மாணாக்கன் வறுமையும் உயிரிரக்கமும்

வறுமை கொடியதென்பதை மறுப்பார் யாருமிலர். அதன் கொடுமையைப் பொதுவகையான் விரித்துரைத்தல் ஈண்டு எம் கருத்தன்று. கல்வி பயிலும் இளஞ்சிறாரிடத்து அவ்வறுமை தனித்து வாராது, தனிமை என்னும் பிறிதொரு துன்பத்தையும் உடன்கொண்டு வருகின்றது. முன்னையது உடலை வாட்டுவது; பின்னையது உயிரை வாட்டுவது. முன்னையதை நீக்கச் சோறும் ஆடையும் போதும். பின்னையதை நீக்குவது யாது, அதனை நீக்குங் கடப்பாடு யாவர்மாட்டு உள்ளது என்னும் இவ்விரு வினாக்களையும் சித்தாந்த நூற்றுணிபு கொண்டு சிறிது ஆராய்வாம்.

வறிய குடியிற் பிறந்த குழந்தை தன் வீட்டில் இருக்குங்காறும் தான் வறியன் என்பதை அறியாது. தாய் உண்ணுங் கஞ்சியே தானும் உண்ணும். தெருவிலுள்ள பிற சிறாரும் அவ்வாறே உண்பர். பள்ளிக்கூடம் புக்க பின்னரே ஒப்புநோக்கு உண்டாகின்றது. அடுத்திருப்பவன் சட்டையிற் பொத்தான்கள் குறைவின்றி உள்ளன. தன் சட்டையில் ஊக்கு உள்ளது. பணங் கொணராதார் எழுந்து நிற்க என்று ஆசிரியர் கூறும்போது தான் ஒருவனே எழுந்து நிற்கின்றான். நண்பகலிற் பிறர் சோற்றுக்கலங்களைத் திறக்குங்கால், தனக்குப் பசியில்லையென்று சொல்லிக் கிணற்றடிக்கோ மரத்தடிக்கோ செல்கின்றான். பசித்திருப்பவன் பசியில்லையென்று பொய்கூறப் பழகுதலே அவன் பள்ளியிற் கற்கும் முதற்பாடமாய் முடிகின்றது. பின்னர் விளையாட்டிற்குஞ் செல்லான். ஐயமுற்றவிடத்து வினவவும் நாணுவான். வினவாதவனை மந்தன் என்று ஆசிரியர் கருதுவர். ஆசிரியர் கருதியவாறே உடன்பயில்வோருங் கருதுவர். ஈற்றில் அவன் தானும் அவ்வாறே கருதுவான். வறுமை கல்வியைக் கெடுக்கும் வழி பெரும்பான்மையும் இதுவே.

தானும் அவ்வாறே கருதுவான் என்றோம். ஈண்டு உற்றுநோக்கற்பாலது அதுவே. உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையுடையது என்பது நம் சித்தாந்தத்தின் தலையாய துணிபுகளுள் ஒன்று. செம்மலரைச் சார்ந்த பளிங்கு செந்நிறமும், நீலமலரைச் சார்ந்த பளிங்கு நீலநிறமுங் காட்டுமாறு போல, உயிரும் தான் சார்ந்ததன் இயல்பையே தன்னியல்பாகக் கொண்டு நிற்கும். முதிர்ந்த அறிவுடையார்க்கே சார்பு இத்துணை வலியுடைத்தாயின், இளம்பிள்ளையின்கண் அதன் வலிமை சொல்லவேண்டுவதின்று. இகழ்ச்சியைச் சார்ந்த பிள்ளை இகழ்ச்சியே தானென்று எண்ணி நிற்கும். உயிரை அணுத்தன்மைப்படுத்துவது பற்றியே மூலமலத்திற்கு ஆணவம் என்று பெயராயிற்று என்பர். அம்மலம் செல்வமுடையாரிடத்து 'யானே பெரியன்' என்னுஞ் செருக்காய்த் தோன்றும். ஒதுக்கப்பட்ட சிறுவனிடத்து 'யான் எதற்குந் தகேன்' என்னுஞ் சுருக்கமாய்த் தோன்றும். உயிரின் உண்மையியல்பை மறைத்தலான் இரண்டும் ஒருதன்மையவே. செருக்கை மட்டும் மலத்தின் தொழிலென்று கண்டு, இச்சுருக்கத்தை அடக்கமென்று பாராட்டுவாரும் உளர். அது பிழை.

சார்பினால் வந்த கேடு சார்பினாலேயே நீங்கற்பாலது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் சீவன்முத்தர்க்கும் அன்பர் கூட்டத்தை விதிக்கின்றது. வீட்டின் வாயிலில் நிற்பார்க்கே கூட்டுறவு வேண்டப்படுமாயின், எழுத்தின் வாயிலில் நிற்கும் ஏழைச் சிறுவனுக்கு அது வேண்டாமை யாங்ஙனம்?

அற்றேல், அவன் நுகரும் வறுமை அவன் முன்செய்த வினையின் பயனன்றோ? இறைவன் ஊட்டும் பிராரத்தத்தை யாம் இடைநின்று விலக்குதல் பொருந்துமோ எனின், கூறுதும். வினையை ஊட்டுவான் இறைவனேயன்றி யாமல்லம். இவ்வுயிர்க்கு இத்துணைத் துன்பம், இத்துணைக் காலம் என அளந்தறிந்தார் நம்முள் எவருமிலர். அறியாத ஒன்றைக் காரணங்காட்டிக் கையை மடக்குதல் அறிவுடைமையன்று. இனி, வினைப்பயன் வரும் வாயில் ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூன்றென்பர் நூலோர். பிறவுயிர் வாயிலாகத் துன்பம் வருமாறு போலவே இன்பமும் வரும். அச்சிறுவனது நல்வினை நம் கைவழியாக வந்து பயன்றரக் காத்திருத்தலுங் கூடும். அவ்வாயிலை அடைத்தல் யாருக்கு உரியது? இனி, அவன் வறுமை அவனது பிராரத்தமேயாயினும், அதனைக் கண்டு நாம் முகந்திருப்புதல் நமக்கு ஆகாமியம் ஆகும். அவன் கணக்கைக் காட்டி நம் கணக்கைத் தப்புதல் இயலாது. கன்மக் கொள்கை, தனக்கு வந்த துன்பத்தை ஒருவன் பொறுத்தற்பொருட்டு அருளப்பட்டது. பிறர்க்கு வந்த துன்பத்தைப் பார்த்து வாளாவிருத்தற்பொருட்டு அன்று.

பசிநீக்குதற்கண் நம் நாடு செய்தன சிறியன அல்ல. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்து 1956-ஆம் ஆண்டில் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், எம். ஜி. இராமச்சந்திரன் காலத்து 1982-ஆம் ஆண்டில் வந்த சத்துணவுத் திட்டமும், 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய காலையுணவுத் திட்டமும் எண்ணிறந்த சிறாரைப் பள்ளிக்கண் இருத்தின. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் மாணாக்கரை உடலானும் உளத்தானும் வருத்துதலைப் பதினேழாம் பிரிவில் விலக்கிற்று. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நாலிலொரு பங்கு இடத்தை நலிந்த குடிப்பிள்ளைகட்கு வழங்கவும் பணித்தது. இவையெல்லாம் அறச்செயல்களே. ஆயினும் சட்டம் அமர்தற்கு இடங்கொடுக்கும். அவ்விடத்தின் அருகே வந்தமரத் தோழனைக் கொடாது. எல்லாரும் ஒரு பந்தியில் இருந்து உண்ணும் உணவு பசியையுந் தனிமையையும் ஒருங்கே போக்கும். ஏழைப் பிள்ளைகள் மட்டும் எழுந்துசென்று உண்ணும் உணவோ பசியைப் போக்கித் தனிமையை மிகுவிக்கும். சோறு ஒன்றே, பயன் இரண்டு.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாதெனின், இரங்குதல் இருவகைப்படும். மேனின்று இரங்குதல் ஒன்று; உடனின்று இரங்குதல் ஒன்று. மேனின்று இரங்குவான் கொடுப்பான். கொடுக்குந்தோறும் பெறுவான் தன் தாழ்வை நினைவான். உடனின்று இரங்குவான் பிறன் நோயைத் தன்னோயாகக் கொள்வானாகலின், அவனிடத்து மேல் கீழ் என்பன இல்லை.

இதனை மண்சுமந்த திருவிளையாடல் தெளிவுறக் காட்டுகின்றது. வந்தி பிட்டு விற்று உயிர்வாழும் முதியாள். மைந்தருஞ் சுற்றமும் இல்லாள். வையைக் கரையடைத்தற்குத் தன் பங்குக்கு ஆளின்றி அலமந்தாள். சொக்கலிங்கப் பெருமான் அவட்குப் பொற்கிழி அளித்திருக்கலாம். வெள்ளத்தை வற்றச் செய்திருக்கலாம். அவ்விரண்டுஞ் செய்யாது, கூலியாளாய் வந்து, அவளிடத்தே பிட்டைக் கூலியாகக் கேட்டு உண்டருளினான். எல்லாம் உடையான் கேட்பானாய் வந்தமையால், ஒருவருமில்லாத அம்முதியாள் ஒருவனுக்குச் சோறிடுந் தாயாயினாள். அவள் வறுமை நீங்குமுன்னரே அவள் தனிமை நீங்கிற்று. பின்னர்ப் பாண்டியன் பிரம்பினால் அடித்த அடி அவன்மேலும் எல்லாவுயிர்கண்மேலும் பட்டது. இறைவன் உயிர்தோறுங் கலந்து நிற்றலை இஃது அறிவிக்கும் என்று நாம் பிரசங்கஞ் செய்கின்றோம். அங்ஙனமாயின், வகுப்பில் நிறுத்தப்பட்ட ஏழைச் சிறுவன்மேல் எறியப்படும் இகழ்ச்சிச்சொல் யார்மேற் படுகின்றது என்பதனையும் எண்ணுதல் வேண்டும்.

யாம் ஆசிரியத் தொழில் புரிந்த காலத்து, யாப்பிலக்கணத்தில் வல்லனாகிய ஏழை மாணாக்கன் ஒருவன் நண்பகலில் எவரோடுஞ் சேராது ஒதுங்கியிருப்பான். செல்வக் குடியிற் பிறந்த மற்றொருவன் ஒருநாள் தன் கட்டுச்சோற்றுடன் அவனிடஞ் சென்று, "எனக்குத் தளை பிரிக்க வரவில்லை, உண்டுகொண்டே சொல்லித்தா" என்றான். அவ்வாறு செய்க என்று எவரும் அவனுக்குக் கற்பித்திலர். அன்று முதல் இருவரும் ஓரிலையில் உண்டனர். கற்பித்தவன் கூலி பெற்றானாகலின், இரந்துண்டான் என்னும் எண்ணம் அவனுக்கு எழவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் அவன் வகுப்பில் வாய்திறந்து வினவத் தலைப்பட்டான். அவன் வீட்டு வறுமை முன்போலவே இருந்தது.

நம் மடங்கட்கு இந்நெறி புதிதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) தாமே பொருண்முட்டுற்றிருந்தும், தம்பாற் பாடங்கேட்போருடைய ஊணையும் உறைவிடத்தையுந் தங்கவலையாகக் கொண்டார்கள். வறிய குடும்பத்தினின்றும் வந்து அவர்களிடம் பயின்ற சாமிநாதையரவர்களை, ஆசிரியர் சிவபதமடைந்த பின்னரும் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரவர்கள் அன்புடன் பேணினார்கள். 1887-ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய கை அவ்வன்பில் வளர்ந்த கையே. அன்று அவ்விளைஞர் வறுமையோடு தனிமையும் உற்றிருப்பின், தமிழுலகம் இழந்திருக்கக்கூடியது எத்துணை!

ஆகலின், ஆசிரியராயினார் பணம்பற்றிய வினாவைப் பலர்நடுவே வினவாதொழிக. ஏழை மாணாக்கனிடத்துள்ள ஒரு திறமையைக் கண்டு, அதனால் வகுப்பிற்கு ஆகவேண்டிய பணியொன்றை அவனிடங் கேட்க. பெற்றோர் தம் பிள்ளைகளுக்குப் பிறர்க்கு ஈயுமாறு கற்பித்தலோடு, பிறரிடம் அன்போடு கேட்டுப் பெறுமாறுங் கற்பிக்க. அன்னம் பாலிக்கும் மடத்தார் மாணாக்கர் பந்தியில் ஒருநாளேனுந் தாமும் உடனமர்ந்து, அவர் பெயரும் ஊரும் பாடமும் வினவி உண்க. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை, நெஞ்சம் வேண்டும். கூலியாளாய் வந்து பிட்டுக் கேட்ட பெருமான் அந்நெஞ்சத்தை நமக்கு அருளுவானாக.