ஆழத்தில் கிடப்போர்



பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று செங்கலடி வீதியில் இறங்கிக்கொண்டே போனால் முடிவில் மட்டக்களப்பு. அந்தக் கடலடியில், ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில், 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942இல் உயிர்ப்பு ஞாயிறன்று கொழும்பில் குண்டு வீசிய ஜப்பானியர், அதே வாரம் வியாழக்கிழமை, ஏப்ரல் 9ஆம் திகதி, இதை மூழ்கடித்தனர். விமானந்தாங்கி என்று பேர். அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. 307 பேர் மாண்டனர். 'வீற்றா' என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது.

இப்போது முதுகில் காற்றுக்கலன் கட்டிய சுழியோடிகள் அதைப் பார்க்க இறங்குகிறார்கள். விளையாட்டான காரியமல்ல. அந்த ஆழத்தில் கொஞ்ச நேரமே தங்கலாம். மேலே வரும்போது இடையிடையே நின்று நின்று ஏறவேண்டும். அவசரப்பட்டால் இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழாகி ஆளை முடக்கிவிடும், கொன்றும்விடும். இத்தனை பாடுபட்டு இறங்கியும், நல்ல சுழியோடி அங்கிருந்து எதையும் பெயர்த்தெடுப்பதில்லை. அது சேமக்காலை என்று அவனுக்குத் தெரியும்.

அந்த 307 பேருக்கும் பெயருண்டு. நினைவுச் சின்னங்களில் பொறித்திருக்கிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் நம்மவரும் கடலடியில் கிடக்கிறார்களே! 1864இல், கோப்பிக் காலத்தில், தமிழகத்திலிருந்து ஆள் ஏற்றிவந்த 'ஆதிலட்சுமி' என்ற கப்பல் 120 தொழிலாளரோடு மூழ்கியதாக மலையக வரலாறு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயரையாவது நீங்கள் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. அந்தக் கப்பலைத் தேடி யாரும் சுழியோடியதாகவும் கேள்விப்படவில்லை. 120 என்பது கங்காணியின் ஆட்கணக்கைப் போல வெறும் தொகையாகவே நிற்கிறது.

மரித்தோருக்காக 130ஆம் சங்கீதத்தைச் சொல்கிறோம். ஆழத்தில் கிடப்பவனின் கூக்குரல் அது. குழியருகே நின்று சொல்லிச் சொல்லிப் பழகியதால், மண்ணின் ஆழம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். கடலும் தன்னிடமுள்ளோரைத் திருப்பித் தரவேண்டிய நாளொன்றை அருளப்பர் திருவெளிப்பாட்டில் காட்டுகிறார். அன்று அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க இறைவனுக்கு எந்தப் பேரேடும் தேவையில்லை. நமக்குத்தான் தேவை.

கார்த்திகை 2ஆம் திகதிப் பூசைக்கு மரித்தோர் பெயர்களை எழுதிக் கொண்டுவருவீர்கள். இம்முறை, 'ஆதிலட்சுமியில் போனவர்கள்' என்று முதல் வரியில் எழுதுங்கள். அவர்கள் எந்தச் சமயத்தவர் என்று கேட்கவேண்டாம். அதன் கீழே, லயத்துப் பெரியவர்களிடம் விசாரித்து, தேயிலைக்குள் ஒரு கல்லுமில்லாமல் கிடக்கும் உங்கள் தாத்தா, அப்பாயி, அம்மாயிமாரின் பெயர்களை எழுதுங்கள். ஊர் தெரிந்தால் ஊரையும்.