நானா?

இந்திய ராணுவத்தின் மருத்துவக் கோப்புகளில் 'நானா' என்றொரு சுருக்கம் உண்டு. படைப்பணியால் வந்த நோயுமல்ல, படைப்பணியால் முற்றிய நோயுமல்ல என்பது அதன் விரிவு. பெயரின் எதிரே அது விழுந்துவிட்டால் டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது. ஆங்கில எழுத்துகளைக் கோத்தவர் தமிழை நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் தமிழ்க் காதில் அது கேள்வியாகவே விழுகிறது. இந்த நோய்க்குப் பொறுப்பு நானா?

1985இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்த ஒரு சிப்பாய், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுப் பணிக்குப் பின் வலிப்பு நோய்க்காக 1994இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஊனம் 20 விழுக்காடு என்று மெடிக்கல் போர்டு கணித்தது. பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றும் எழுதியது. ஏன் இல்லை என்று எழுதவில்லை. சேரும்போதே நோய் இருந்ததாக அவருடைய ஆவணத்தில் ஒரு குறிப்பும் கிடையாது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது, அவர் பட்டாளத்தை விட்டு 19 ஆண்டுகள் ஓடியிருந்தன.

இதில் உறுத்துவது தாமதம் மட்டுமல்ல. நீதிமன்றம் புதிதாக எந்தக் கருணையையும் கண்டுபிடிக்கவில்லை. இந்தப் பென்ஷனுக்கான 1982ஆம் ஆண்டு விதிகளிலேயே எல்லாம் இருந்தது: குறிப்பு இல்லையென்றால் சேரும்போது நல்ல உடல்நிலையில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், நிரூபிக்கும் சுமையை அவர்மேல் ஏற்றக் கூடாது, நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. விதி தாராளமாக இருந்தது. படிவத்தை நிரப்பிய கைதான் சுருங்கிவிட்டது.

ஆள்சேர்ப்பு முகாமைப் பார்த்தவர்களுக்கு இந்த முரண் எளிதில் புரியும். மார்பை விரிக்கச் சொல்லி அளப்பார்கள். பாதம் தட்டையா, முழங்கால்கள் முட்டுகின்றனவா, காதில் சீழ் உண்டா என்று பார்ப்பார்கள். ஓட்டத்தில் முதலில் வந்த பையன்கூடக் கால் வளைவுக்காகத் திரும்பி வருவான். எடுக்கும்போது இத்தனை கறார் காட்டிய அதே அமைப்பு, அனுப்பும்போது 'முன்பே உள்ளுக்குள் இருந்திருக்கும்' என்று சொன்னால், சோதனையில் விட்டுப்போனதற்கான விலையையும் சோதிக்கப்பட்டவனே கட்டுகிறான்.

அரசு தரப்பிலும் வாதம் இல்லாமலில்லை. வலிப்பையும் மனநோயையும் ஒருநாள் சோதனையில் பிடித்துவிட முடியாது, அது உண்மை. நாற்பது வயதில் வரும் ரத்த அழுத்தம் சியாச்சினுக்குப் போகாதவருக்கும் வருகிறது; அதுவும் உண்மை. பணமோ பொதுப் பணம். 2015-16 முதல் 2019-20 வரையிலான கணக்கைப் பார்த்த தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, ஆண்டுதோறும் ஓய்வுபெறும் அதிகாரிகளில் சுமார் 36 முதல் 40 விழுக்காட்டினரும், அவர்களுக்குக் கீழுள்ளவர்களில் 15 முதல் 18 விழுக்காட்டினரும் இந்தப் பென்ஷனைப் பெற்றதாகச் சொல்கிறது. வெயிலில் மூட்டை சுமப்பவனைவிட மேசையில் இருப்பவரின் உடல் இரு மடங்கு கெடுகிறது என்று நம்புவது கடினம். வயது கூடியிருக்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரிந்திருப்பதும், எந்த வாசலைத் தட்டுவது என்று தெரிந்திருப்பதும் சேர்ந்திருக்கலாம்.

ஆக, தவறு இரு பக்கமும் நடக்கலாம். இரண்டும் ஒரே எடை கொண்டவை அல்ல. தகுதியில்லாத ஒருவருக்குப் போகும் தொகை கோடிக்கணக்கானோரின் வரியில் கரைந்துவிடும். தகுதியுள்ளவருக்கு மறுக்கப்படுவது ஒரே வீட்டின் மேல் முழுதாக இறங்குகிறது. பணம் போவதோடு, 'உன் உடம்பே கோளாறு' என்ற முத்திரையும் சேர்கிறது. ஆவணங்களும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் இருப்பது அரசிடம். எதிரே நிற்பவரிடம் இருப்பது டிஸ்சார்ஜ் புத்தகம் ஒன்றுதான். தீராத சந்தேகத்தின் இழப்பைத் தாங்கக்கூடியவரே தாங்கட்டும் என்பது கருணையல்ல. கணக்காகப் பார்த்தாலும் அதுதான் சரி.

ஆனால் சந்தேகத்தின் பலன், விசாரிக்காமல் இருப்பதற்கான சாக்காகவும் ஆகிவிடக் கூடாது. ஆராய்ந்த பிறகும் எஞ்சுவதுதான் சந்தேகம். ஆராயாமல் விட்டது சோம்பல். அமைதிப் பகுதியில் இருந்தபோது நோய் வந்தது, ஆகவே பணி காரணமல்ல என்ற ஒற்றை வரி ஆராய்ச்சி ஆகாது. அங்கே இரவுக் காவல் எத்தனை, அதற்கு முன் எல்லையில் எத்தனை ஆண்டு, நோயின் முதல் அறிகுறி எந்தத் தேதியில் என்று எழுதியாக வேண்டும். அப்படி எழுதும் கட்டாயம் வந்தால் பொய்க் கோரிக்கையும் அங்கேயே தடுக்கி விழும்; பதவியின் செல்வாக்கும் காகிதத்தில் பதியும். சிப்பாய்க்கு நியாயமும் கருவூலத்துக்குப் பாதுகாப்பும் ஒரே பத்தியில் கிடைக்கும்போது, அந்தப் பத்தியை மிச்சம் பிடிப்பது என்ன சிக்கனமோ!

மெடிக்கல் போர்டு படிவத்தில் ஆம், இல்லை என்று குறிக்க இடம் இருக்கிறது. காரணத்தை விளக்கவும் இடம் விட்டிருக்கிறார்கள். காரணம் எழுதாத கருத்து செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025இலும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.