அசையாத புள்ளி எது?

மணிமுத்தாறு அணையின் முழு நீர்மட்டம் 118 அடி. நேற்று 80 அடி, இன்று 82 அடி என்று செய்தித்தாளில் காணும் உழவர், நீர் இரண்டடி ஏறியதென ஐயமின்றிக் கொள்கிறார். அளவுகோலின் அடி அசையாது என்பதே அந்நம்பிக்கையின் வேர். அளவுகோலும் நீரோடு சேர்ந்து உயருமானால்?

பல் மருத்துவத்தில் இது வெறும் கற்பனையன்று. பல்லுக்குக் கிளிப் போடத் திருநெல்வேலிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு, தொடக்கத்தில் ஒன்றும் பின்னர் ஒன்றுமாகத் தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுப்பதுண்டு. ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்தி, தாடை எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கிறார்கள். காதுகளில் கோல் பொருத்தித் தலையை ஒரே நிலையில் நிறுத்திப் படமெடுக்கும் முறையை 1931-இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே வெளியிட்டனர். ஆண்டுகள் இடைவிட்டு எடுத்த படங்களை ஒப்பிட அதுவே வழி திறந்தது.

ஆனால் எதன்மேல் எதைப் பொருத்துவது? பிட்யூட்டரி சுரப்பி தங்கும் குழியின் நடுவையும், நெற்றியெலும்பும் மூக்கெலும்பும் கூடும் இடத்தையும் இணைக்கும் கோட்டைப் பலர் அசையாததாகக் கொண்டனர். வளரும் பிள்ளைக்கோ அந்த இரண்டாவது புள்ளியும் முன்னோக்கி நகர்கிறது! டென்மார்க்கின் ஆர்னே பியோர்க், 1950-களில் பிள்ளைகளின் தாடையெலும்பில் டான்டலம் என்னும் உலோகத்தாலான நுண்ணிய ஊசிகளைப் பதித்து ஆராய்ந்தார். (அவ்வாறு பதிப்பது தகுமா என்பது தனியே சிந்திக்க வேண்டிய கேள்வி.) ஊசியோடு ஊசியைப் பொருத்திப் பார்த்தபோது, கீழ்த்தாடை வளர்கையில் சுழல்வதும், அதன் கீழ்விளிம்பு ஓரிடம் தேய்ந்து ஓரிடம் படிந்து அச்சுழற்சியை மறைப்பதும் புலப்பட்டன. விளிம்பையே நம்பி அளந்தவர் கண்ணுக்கு அது தென்பட்டிராது. போதாக்குறைக்கு, ஒரே படத்தில் ஒருவரே இருமுறை குறித்தாலும் புள்ளி சற்று விலகும்.

இந்நிலையில், “தாடை 2 மில்லிமீட்டர் முன்வந்தது, கிளிப்பின் பயன்” என்று பெற்றோரிடம் சொல்வது முறையா? வளர்ச்சி செய்தது எவ்வளவு, சிகிச்சை செய்தது எவ்வளவு? கடன் வாங்கிச் செலவிட்ட குடும்பத்துக்கு இது சிறு கேள்வியன்று. சொன்னது பொய்யன்று, ஆயினும் எதை அசையாததாகக் கொண்டு அளந்தோம் என்பதை மறைத்த மெய், பாதி மெய்யே.

அதற்காக அளவே வீண் என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. அதே குழியின் முன்சுவர், குழந்தைப் பருவத்தின் தொடக்க ஆண்டுகளுக்குப் பின் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே அதன்மேல் படங்களைப் பொருத்துவோர் உண்டு. “எந்த இடத்தை வைத்து அளந்தீர்கள், ஐயா?” என்று ஒரு தாய் கேட்பதில் தவறில்லை. கேட்டால், மருத்துவர் அவ்விடத்தைப் படத்தில் தொட்டுக் காட்டலாம்.