கனவு யாரைக் கட்டும்?

ஓமானின் தெற்கே உள்ள சலாலாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கரீஃப் சாரல் விழும். வெயிலில் வெந்துபோன வளைகுடாத் தமிழர்கள் குடும்பத்தோடு காரில் கிளம்புவது அப்போதுதான். பசுமை போர்த்த மலை, தென்னந்தோப்பு, சாலையோர இளநீர் எல்லாம் முடிந்ததும் ஜியாரத். இத்தீன் மலையில் நபி அய்யூபின் அடக்கத்தலம். நகருக்குள் 30 மீட்டருக்கும் மேல் நீளமாக, பச்சைத் துணி போர்த்தியிருக்கும் நபி இம்ரானின் கபர். இன்னொன்று, நம் பக்கத்து அரசருடையது என்று சொல்லப்படுவது: சேரமான் பெருமாளின் கபர்.

நிலவு இரண்டாகப் பிளந்ததைக் கனவில் கண்டார் சேரமான். அரபு வணிகர்களிடம் அதன் பொருள் கேட்டார். அது நபிகள் நாயகத்தின் அற்புதம் என்று அறிந்ததும், நாட்டைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு மக்காவுக்குக் கப்பலேறினார். திரும்பும் வழியில் இந்தக் கரையில் இறந்தார் என்பது கதை. கனவல்ல, கண்ணால் கண்டார் என்று சொல்பவர்களும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ எழுதிய மலபார் அறிஞர் ஜைனுத்தீன் மக்தூம், இன்றைய சலாலாவை ஒட்டிய ஸஃபாரில் அந்தக் கபர் பெயர்பெற்றது என்று குறிக்கிறார். ஆனால் அரசர் நபிகள் நாயகத்தின் காலத்தவர் என்ற ஊர்ப்பேச்சை அவர் நம்பவில்லை. அழகான கதை என்பதற்காக ஓர் ஆலிம் அதற்குத் தலையாட்டிவிடவில்லை.

சேரமானின் கனவால் நமக்கொன்றும் சங்கடமில்லை. கண்டவரும் அவர், கடல் கடந்தவரும் அவர். ஒருவர் கண்ட கனவுக்கு இன்னொருவர் கட்டுப்பட வேண்டுமா என்பதுதான் சிக்கலான கேள்வி.

இஸ்லாம் கனவைத் தள்ளிவிடும் மார்க்கமல்ல. நல்ல கனவு நபித்துவத்தின் 46 பங்குகளில் ஒன்று என்கிறது புகாரியில் உள்ள ஹதீஸ். இறைவனின் நற்செய்தி, ஷைத்தானின் மிரட்டல், மனதின் சொந்தப் பேச்சு என்று கனவை மூன்றாகப் பிரித்ததும் ஹதீஸ்தான். காணாத கனவைக் கண்டதாகச் சொன்னவனிடம் மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணிகளை முடிச்சுப் போடச் சொல்லப்படும் என்ற எச்சரிக்கையும் உண்டு. தினம் ஐந்து வேளை கேட்கும் பாங்கின் சொற்களே அப்துல்லாஹ் இப்னு ஜைத் என்ற ஸஹாபியின் கனவில் வந்தவை. நபிகளார் அது உண்மை என்று ஏற்ற பிறகே பிலால் குரலெடுத்தார். அப்படி ஏற்றுச் சொல்ல இன்று யார் இருக்கிறார்கள்?

14ஆம் நூற்றாண்டு இமாம் ஷாத்திபி ஒரு சம்பவம் சொல்கிறார். அப்பாசிய கலீஃபா மஹ்தி, காழி ஷரீக் தன்னைவிட்டு முகம் திருப்பி நிற்பதாகக் கனவு கண்டார். உள்ளுக்குள் உங்களை எதிர்க்கிறார் என்று யாரோ பலன் சொல்லிவிட்டார். வாளைக் கொண்டுவரச் சொன்ன கலீஃபாவிடம், உமது கனவு இப்ராஹீமின் கனவல்ல, பலன் சொன்னவர் யூசுஃபும் அல்ல என்றாராம் காழி. பொய்க்கனவை நம்பி முஃமின்களின் கழுத்தை வெட்டுவீரா என்றும் கேட்டாராம். மஹ்தி வெட்கிப் போனார்.

அந்த வெட்கம் எல்லாருக்கும் வருவதில்லை. 1979 நவம்பர் 20 அன்று மக்காவின் பெரிய பள்ளியை ஆயுதங்களோடு கைப்பற்றிய ஜுஹைமான் கூட்டம், தங்களில் ஒருவரே இறுதிக்காலத்தில் வரவேண்டிய மஹ்தி என்பதற்குக் காட்டிய பெரிய ஆதாரம், பலபேர் ஒரே மாதிரி கண்ட கனவு. இரண்டு வாரச் சண்டையில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஏர்வாடியில் எரிந்தது. மதீனாவிலிருந்து கனவின் கட்டளையால் புறப்பட்டு வந்தவர் என்று போற்றப்படும் சுல்தான் சையது இப்ராஹீம் ஷஹீதின் தர்கா அங்கே இருக்கிறது. மனநோயாளிகளை அழைத்து வருவார்கள். கனவில் ‘உத்தரவு’ கிடைத்தால் ஊர் திரும்பலாம். கிடைக்கும்வரை தங்கல். சுற்றிலும் தனியார் ‘மனநலக் காப்பகங்கள்’ முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அப்படியொரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பூட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

மனநல மருத்துவர் எட்டாத தொலைவில் இருந்த ஏழைக் குடும்பத்துக்கு தர்காவின் நிழல் ஆறுதலாக இருந்தது உண்மை. அவர்களைப் பழிப்பது எளிது, நியாயமில்லை. ஆனால் நோயாளி காணவேண்டிய கனவை அவர் காலில் பூட்டிய சங்கிலிக்குச் சாவியாக்கியது அறமா? தனக்கே மறைவானது தெரியாது என்று சொல்லும்படி நபிகளாருக்குக் கட்டளையிடுகிறது குர்ஆன். அப்படியிருக்க, இன்னொருவரின் விடுதலை நாளை மறைவில் தேடும் உரிமை காப்பகக்காரருக்கு எங்கிருந்து வந்தது? கனவு கண்டவர் அதன்படி தன் காசைக் கொடுக்கலாம், தன் காலால் நடக்கலாம். பிறர் உடம்பைத் தொடும் இடத்தில் அதன் அதிகாரம் முடிந்துவிடுகிறது.

மருந்து தேடச் சொன்னவரும் நபிகளார்தான். குஜராத்தின் மீரா தாதார் தர்காவில், துவாவோடு மனநல மருத்துவரையும் உட்காரவைத்த ‘தவா–துவா’ திட்டம் பின்னாளில் ஏர்வாடிக்கும் வந்தது. மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.