சொல்லப்படாத கூலி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றனர் நம் முன்னோர். வீட்டை வாங்கிப் பார் என்பதையும் இன்று சேர்த்துச் சொல்லலாம். தாமிரபரணிப் பாசனத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் முன்னிட்டுப் பாளையங்கோட்டை, பெருமாள்புரம், கே.டி.சி. நகர் என்று குடிபெயரும் குடும்பங்கள் பல. சேமநல நிதி, விற்ற நகை, வங்கிக் கடன் யாவற்றையும் ஒன்று திரட்டித்தான் அவர்கள் ஒரு வீட்டை வாங்குகின்றனர். 40 லட்சம் ரூபாய்க்குப் பத்திரம் எழுதப்படும் வீட்டுக்கு, 2023 ஏப்ரல் முதல் உள்ள கணக்கின்படி, முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 3,60,000 ரூபாய் ஆகிறது. பத்திர எழுத்தருக்கும் வங்கிக்கும் ஆகும் செலவு வேறு. இவற்றையெல்லாம் கணக்கிட்டு முடித்தபின், பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் தரகர் தம் கூலியைக் கேட்கிறார். இரண்டு சதவீதம், அதுதானே வழக்கம் என்கிறார். அந்த 80,000 ரூபாய் எந்தக் கணக்கிலும் எழுதப்படாத தொகை.

கொடுக்கத்தான் வேண்டுமா? மறுத்தால் அது அநீதியா? அல்லது கேட்டதே அநீதியா? புது வீடு மந்திரிக்கும் நாளில்கூட இந்தக் கசப்பு பேச்சினூடே தலைகாட்டுவதை நாம் கேட்டிருக்கிறோம். சொல்லாத வாக்குறுதிக்கு மனிதன் கடன்பட்டவனா என்ற பழைய அறநெறிக் கேள்வி இதனுள் அடங்கியிருப்பதால், இதைச் சிந்தித்துப் பார்ப்பது நலம்.

தரகரும் உழைப்பாளரே

விவிலியத்தில் நாம் காணும் முதல் நிலக்கிரயமே இடைநிலையாளர் வழியாக நடந்ததுதான். சாரா இறந்தபோது அவரை அடக்கம் செய்ய ஆபிரகாமுக்குச் சொந்த நிலம் இல்லை. அவர் நேரே எப்ரோனிடம் போகவில்லை. தமக்காக அவனிடம் பரிந்து பேசும்படி ஊராராகிய இத்தியரைக் கேட்டுக்கொண்டார் (தொடக்க நூல் 23). அந்நியனுக்கு ஊரில் பேச ஒருவர் தேவை என்பதை நம் முதுபெரும் தந்தை அறிந்திருந்தார்.

இன்றைய தரகரும் அத்தகைய தேவையையே நிறைவேற்றுகிறார். பத்து வீடுகளைக் காட்டி ஒன்பது வேண்டாமென்று ஆனபின் பத்தாவதில் அவருக்குக் கூலி கிடைக்கிறது. அதுவும் தவறினால் வெயிலில் அலைந்ததே மிச்சம். வேலையாளின் கூலியைப் பிடித்து வைப்பதை லேவியர் நூலும் யாக்கோபு திருமுகமும் கடுமையாகக் கண்டிக்கின்றன. அக்கண்டனம் வயலில் அறுப்பவனுக்கு மட்டும் உரியதென்று நாம் சுருக்கிவிடலாகாது. தரகர் காட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று அவரிடம் சொல்லி, மறுவாரமே உரிமையாளரோடு தனியே பேசி முடிப்பவர்கள் நம் பங்குகளிலும் இல்லாமல் இல்லை. அதைச் சாமர்த்தியம் என்று உலகம் சொல்லும். நாம் அதைக் களவு என்றே சொல்லவேண்டும்.

மூன்று வகை மௌனம்

ஆனால் சொல்லப்படாத கூலிகள் எல்லாம் ஒரே வகையின அல்ல.

முதலாவது, இருவருக்கும் தெரிந்ததால் பேசப்படாமல் விடப்பட்ட கூலி. தரகர் என்று அறிந்தே அவரை அழைத்தோம். வாரக்கணக்கில் அவருடன் சுற்றினோம். அவர் இலவசமாக வருகிறார் என்று நாம் எண்ணியிருக்க முடியாது. இங்கே வாய்ச்சொல் இல்லாவிடினும் உடன்பாடு உண்டு. ஊர் வழக்கப்படியான நியாயமான தொகை அவருக்குக் கடனே. அளவில் ஐயமிருந்தால் நடுநிலையாளர் இருவரைக் கேட்டுத் தீர்க்கலாம்; கொடுக்கவே மாட்டோம் என்பது நீதியாகாது.

இரண்டாவது, விலைக்குள் ஒளித்து வைத்த கூலி. விற்பவருக்கு 38 லட்சம் என்றும் வாங்குபவரிடம் 40 லட்சம் என்றும் சொல்லி இடையில் உள்ளதை எடுத்துக்கொண்டு, அதற்கு மேலும் இருபுறமும் தரகு பெறுவது இவ்வகை. நம் மாட்டுச் சந்தைகளில் துண்டின் மறைவில் விரலைத் தொட்டு விலை பேசிய வழக்கம் உண்டு. அத்துண்டு விலையை மறைத்தது வேடிக்கை பார்ப்போரிடமிருந்து. வாங்குபவரிடமிருந்தும் விற்பவரிடமிருந்தும் விலையை மறைக்கும் துண்டு வேறு வகையானது. அதன் கீழ் பெற்ற பணம் திருப்பிக் கொடுக்கப்படவேண்டிய பணம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், ஒப்படைத்த காரியத்தில் முறைகேடு செய்த முகவர் அந்த அளவுக்குக் கூலி கேட்க உரிமை அற்றவர் என்று தன் 220-ஆம் பிரிவில் கூறுகிறது.

மூன்றாவது, காலம் பார்த்துக் காத்திருந்த மௌனம். முன்பணம் கொடுத்தாயிற்று, குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று, வங்கியின் காசோலை கையில் இருக்கிறது. இனிப் பின்வாங்க முடியாது என்ற நேரத்தில் ஒரு சதவீதம் இரண்டாகிறது. இதைப்பற்றிச் சற்று நின்று சிந்திக்கவேண்டும்.

பிறர் தேவை விற்பனைக்கன்று

13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ், தமது இறையியல் தொகுப்பில், வாங்கல் விற்றலில் நிகழும் ஏமாற்றைத் தனி வினாவாக எடுத்து ஆராய்கிறார். ஒரு பொருளை இழப்பதால் விற்பவருக்கு உண்மையான நட்டம் உண்டென்றால், அந்த நட்டத்தை விலையில் சேர்க்கலாம் என்கிறார். ஆனால் வாங்குபவருக்கு அப்பொருள் மிகவும் தேவைப்படுகிறது என்ற ஒரே காரணத்துக்காக விலையை உயர்த்தக் கூடாது. ஏனெனில் அந்தத் தேவை வாங்குபவருடையது. தமக்குச் சொந்தமல்லாத ஒன்றை எவரும் விற்க முடியாது. பயனடைந்தவர் தாமாக மகிழ்ந்து கூடுதலாகக் கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை.

பதிவு அலுவலக வாசலில் உயர்த்தப்படும் தரகின் அநீதி இங்கேதான் விளங்குகிறது. தரகரின் உழைப்பு நேற்றும் இன்றும் ஒன்றுதான். கூடியது நமது தவிப்பு மட்டுமே. அந்தத் தவிப்புக்கு அவர் விலை வைக்கிறார். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும், பிறருடைய அறியாமையையோ இக்கட்டையோ பயன்படுத்தி விலையேற்றுவதை ஏழாம் கட்டளைக்கு எதிரான பாவங்களின் வரிசையில் வைக்கிறது (எண் 2409). ஆகவே கூடுதலாகக் கேட்கப்பட்டதை மறுக்க நமக்கு உரிமை உண்டு. பத்திரம் நின்றுபோகாதிருக்க அதைக் கொடுக்க நேர்ந்தாலும், நாம் பாவத்துக்கு உடந்தையாவதில்லை, அநீதியைத் தாங்கியவர்களாகிறோம். அப்போதும் முதலில் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுப்பதே நீதி.

தரகரின் கடமை கூலியை வெளிப்படுத்துவதோடு முடிவதில்லை. வாங்குபவருக்கு நட்டமோ ஆபத்தோ விளைவிக்கும் மறைந்த குறையை விற்பவர் வெளிப்படுத்தவேண்டும் என்று அக்குவினாஸ் அதே வினாவில் கற்பிக்கிறார். விற்பவருக்காகப் பேசும் வாய்க்கும் இது பொருந்தும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஆற்றை ஒட்டிய தெருக்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. சுவரில் நின்ற நீரின் கறையைச் சுண்ணாம்பு மறைத்துவிடும். தெரிந்த வாய் மறைக்கலாகாது. உண்மையைச் சொல்வதற்கே தரகருக்குக் கூலி.

நம் பக்கத்து மறைவு

தரகரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வீடு திரும்ப முடியாது. உண்மையில் கைமாறுவது ஒரு தொகை, கிரயப் பத்திரத்தில் எழுதப்படுவது வழிகாட்டி மதிப்பை ஒட்டிய வேறொரு தொகை என்பதை நாம் அறிவோம். மேற்சொன்ன அதே எண்ணில், ஓரிரு வரிகள் தள்ளி, வரி ஏய்ப்பையும் மறைக்கல்வி குறிப்பிடுகிறது. தரகர் நம்மிடம் மறைத்த 40,000 ரூபாய்க்காகக் கொதிக்கும் நாம், அரசிடம் மறைத்த லட்சங்களைப் பற்றி அமைதியாக இருக்கிறோம். கறுப்பில் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லை. அந்த இருட்டில்தான் தரகருடைய மறைவும் வசதியாக உட்காருகிறது. கணக்கு முழுவதும் வெளிச்சத்தில் இருக்கும் வீட்டில் ஒளிந்த கூலிக்கு இடம் குறைவு.

ஆபிரகாமை மீண்டும் நினைப்போம். எப்ரோன் நிலத்தைச் சும்மா தருவதாக முதலில் சொன்னான். பிறகுதான் பேச்சோடு பேச்சாக 400 செக்கேல் என்ற விலையை வெளியிட்டான். ஆபிரகாம் வெகுளவில்லை. இலவசத்தை நம்பி இருந்துவிடவுமில்லை. நகர வாயிலில், ஊரார் அனைவரும் கேட்க, வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். எரேமியாவும் அனத்தோத்தில் நிலம் வாங்கியபோது சாட்சிகள் முன் 17 செக்கேல் நிறுத்துக் கொடுத்து, முத்திரையிட்ட பத்திரமும் திறந்த படியும் எழுதி வைத்தார் (எரேமியா 32).

செய்யவேண்டுவன

ஆகவே முதல் நாளே, முதல் வீட்டைப் பார்க்கும் முன்பே, தரகு எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது, விற்பவரிடமும் பெறுகிறீர்களா என்று கேட்போம். கேட்பது அவமரியாதை ஆகாது. பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவோம். வேறாகப் பேசிக்கொண்டாலன்றி, காரியம் முடிந்த பின்னரே முகவரின் கூலி கொடுக்கவேண்டியதாகிறது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆம் பிரிவு. முன்பணம் கொடுக்கும் முன் விற்பவரை நேரில் கண்டு விலையை அவர் வாயாலேயே கேட்போம். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் நாமே பார்ப்போம். புதிய மனைப்பிரிவோ அடுக்குமாடியோ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானதாக இருந்தால், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை விற்றுத்தரும் தரகரும் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும், எண்ணைக் கேட்போம். அச்சட்டமும் தரகு இவ்வளவு என்று வரையறுக்கவில்லை. அதனால் பேசித் தெளியும் பொறுப்பு நம்முடையதே.

தரகுத் தொழில் செய்யும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். கல்லிடுக்கில் முளை இறுகுவதுபோல் வாங்கலுக்கும் விற்றலுக்கும் நடுவே பாவம் இறுகிக்கொள்ளும் என்று சீராக்கின் ஞானம் எச்சரிக்கிறது. அந்த நடுவிடமே உங்கள் பணியிடம். அங்கே பாவத்துக்குப் பதில் வாய்மையை நிறுத்துங்கள். உங்கள் கூலியை முதலிலேயே துணிந்து கேளுங்கள். அது உங்களுக்கு உரியது. மந்திரித்த தண்ணீர் தெளிக்கப்படும் வீட்டில் வாங்கியவரும் விற்றவரும் தரகரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண முடியுமானால், அந்த ஆசீர் அவ்வீட்டில் நிலைத்திருக்கும்.