அச்சத்தின் நான்காவது நிலைக்களன்

பேய்ப்படத்துக்கும் கொலைக் கதைக்கும் மனிதன் ஏன் தேடிப் போகிறான் என்ற கேள்விக்கு நம்மிடம் ஒரு தயார் பதில் உண்டு. வடிகால். உள்ளே தேங்கிக் கிடக்கிற பயமும் குரூரமும் கொட்டகையின் இருட்டில் வடிந்துபோகின்றன. மனிதன் லேசாகி வீடு திரும்புகிறான். கூடவே அரிஸ்டாட்டில் பெயரையும் சொல்லிவிட்டால் விவாதம் முடிந்துவிடுகிறது.

அரிஸ்டாட்டில் பேசியது துன்பியல் நாடகத்தைப் பற்றி. அச்சத்தை இரக்கத்தோடு சேர்த்துத்தான் அவர் சொன்னார். இரக்கம் என்கிற பாதியை வெட்டிவிட்டு மற்றப் பாதியை மட்டும் நாம் கடன் வாங்கியிருக்கிறோம். அதுவும் போகட்டும். வடிந்துபோனது உண்மையானால் அடுத்த வாரமும் அதே ஆள் ஏன் க்யூவில் நிற்கிறான்? சாக்கடையை உதாரணமாக எடுத்துக்கொண்டவர்கள் ஊற்றை யோசிக்கவில்லை.

பயத்தைப் பழகிக்கொள்வதற்காகப் பார்க்கிறோம் என்று இன்னொரு பதில் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. நிஜ ஆபத்துக்கு ஒத்திகை. பூச்சாண்டிக் கதை கேட்கிற குழந்தைக்கு இது பொருந்தலாம். ஆனால் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை (1960) நான்காவது தடவை பார்க்கிறவன் குளியலறையில் தப்பிக்கும் வழியைக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று சொல்ல முடியுமா?

இந்த இரண்டு பதில்களும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றே. பேய்ப்படம் பார்ப்பதும் நடந்த கொலையின் கதையைப் படிப்பதும் ஒரே பசி என்று இரண்டும் எடுத்துக்கொள்கின்றன. அப்படி இல்லை என்பது என் எண்ணம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இரண்டாயிரம் வருஷத்துச் சரக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். இன்றைய பொழுதுபோக்குத் தொழில் முழுவதையும் இந்த நாலு பெட்டிகளில் போட்டுவிடலாம். அணங்கு பேய்ப்படம். விலங்கு சுறாவும் முதலையும் வருகிற படம். கள்வர், கொலை கொள்ளைத் தொடர்கள். நான்காவது பெட்டிதான் காலியாக இருக்கிறது, அல்லது அப்படித் தோற்றமளிக்கிறது. இதற்கு மட்டும் ‘தம்’ என்ற உரிமைச் சொல் சேர்ந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். அணங்கும் விலங்கும் கள்வரும் வெளியிலிருந்து வருகிறவர்கள். இறை நம்முடையது.

முதலில் அணங்கை எடுத்துக்கொள்வோம். பயானகம் எப்படி ரசமாக முடியும் என்ற பிரச்னையை அபிநவகுப்தர் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கையில் எடுத்திருக்கிறார். அவர் காட்டும் உதாரணம் சாகுந்தலத்தின் ஆரம்பத்தில் வருகிற மான். துஷ்யந்தனின் தேர் துரத்துகிறது, மான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுகிறது. பார்க்கிறவனுக்குள் எழுகிற பயம் அந்த மானின் பயமும் அல்ல, அவனுடைய சொந்தப் பயமும் அல்ல. இந்த ஆள், இந்த இடம், இந்த நேரம் என்கிற அடையாளங்கள் உதிர்ந்து, பயம் மட்டும் நிற்கிறது. யாருடையதும் அல்லாத பயம். அதனால்தான் அதை ருசிக்க முடிகிறது. சொந்தப் பயத்தை யாரும் ருசிப்பதில்லை.

நல்ல பயங்கரப் படம் செய்வது இதைத்தான். ‘சைக்கோ’வின் மூலம் நடந்த சம்பவம். 1957இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ப்ளெய்ன்ஃபீல்ட் என்ற சிற்றூரில் எட் கெய்ன் என்பவன் பிடிபட்டான். அவன் வீட்டில் போலீஸ் கண்டதை இங்கே எழுத வேண்டியதில்லை. அதன் சாயலில் ராபர்ட் ப்ளாக் 1959இல் நாவல் எழுதினார். அடுத்த வருஷம் ஹிட்ச்காக் படம் எடுத்தார். சம்பவத்துக்கும் படத்துக்கும் இடையில் ஊர் மாறியது, பெயர்கள் மாறின, செத்தவர்கள் மாறினார்கள். ரத்தம்கூட சாக்லேட் பாகாயிற்று. கறுப்பு வெள்ளையில் அதுவே போதுமானதாக இருந்தது. ப்ளெய்ன்ஃபீல்டில் செத்த பெண்களை அந்தப் படம் நம் கண்ணிலிருந்து விடுவித்துவிட்டது. திரையில் அலறுகிற பெண்ணுக்கு நாம் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை.

நிஜக் கொலைக் கதை நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. இங்கே பெயரும் தெருவும் தேதியும்தான் சரக்கு. அவற்றை எடுத்துவிட்டால் எதுவுமே மிஞ்சாது. எங்கள் வங்கியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது பேப்பரிலிருந்து ஒரு கொலைச் செய்தியை வாசித்தால் மற்றவர்கள் கேட்கிற கேள்விகள் மாறுவதே இல்லை. “எந்த ஊராம் சார்?” “என்ன வயசு?” “கதவு திறந்து கிடந்ததா?” “தெரிஞ்ச ஆள்தானா?” செத்தவர் எப்படிப்பட்டவர் என்று யாரும் கேட்பதில்லை. இதைக் கல்நெஞ்சம் என்று சொல்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு கேள்வியும் ஓர் அளவுகோல். அந்தக் கத்திக்கும் கேட்கிறவனுக்கும் இடையில் எத்தனை தூரம் என்று அளந்து பார்க்கிறார்கள். அந்த ஊர் இல்லை, அந்த வயது இல்லை, நம் வீட்டுக் கதவு தாழிட்டிருக்கிறது. அளந்து முடித்ததும் டிபன் பாக்ஸை மூடுகிறார்கள். கிடைத்த நிம்மதி உண்மையானது. அதற்கான விலையைக் கொடுத்தவர் வேறு யாரோ.

இது பத்திரிகைகள் கொண்டுவந்த வியாதியும் அல்ல. தமிழ்நாட்டுச் சந்தைகளில் கொலைச் சிந்து என்று சில பக்கப் பிரசுரங்கள் விற்றன. எங்காவது ஒரு கொலை நடந்தால் மெட்டுப்போட்டு அச்சடித்து, பாடிக்கொண்டே விற்பார்கள். தலைப்பிலேயே ஊர் இருக்கும். நம் இலக்கிய சரித்திரங்கள் இவற்றைத் தொடக் கூசுகின்றன. ஆனால் இன்று ஓடிடியிலும் பாட்காஸ்டிலும் வருகிறவை மெட்டு மட்டும் மாறிய கொலைச் சிந்துகளே.

லக்ஷ்மிகாந்தன் விஷயத்தை யோசித்துப் பார்க்கலாம். சினிமாக்காரர்களின் அந்தரங்கங்களை ‘சினிமா தூது’, பிறகு ‘இந்து நேசன்’ என்று அச்சடித்து விற்றவர். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை வழக்கு போய், 1947இல் விடுதலையானார்கள். யார் குத்தினார்கள் என்பது இன்றுவரை நிச்சயப்படவில்லை. பிறர் அவமானத்தை வாரம் தவறாமல் காசு கொடுத்து வாங்கிய அதே வாசகர்கள், விற்றவனின் சாவையும் அதே காசு கொடுத்து வாங்கினார்கள். எண்பது வருஷமாகியும் அந்த வழக்கைப் பற்றிய எழுத்து ஓயவில்லை. பாகவதரின் வீழ்ச்சிக்காக வருத்தப்படுகிறோம், அது நியாயம். குத்துப்பட்டுச் செத்தவனுக்காக ஒரு வரி வருத்தத்தை நான் எங்கும் படித்ததில்லை. மோசமான மனிதன் என்றால் அவன் சாவு நம் சொத்தாகிவிடுகிறதா?

இதுவரை சொன்னது கள்வர். இனி நான்காவதுக்கு வருகிறேன்.

பிணத்தைப் பார்க்கத் துடிக்கிற கண்ணைப் பற்றிய மிகப் பழைய, மிக நேர்மையான குறிப்பு பிளேட்டோவின் குடியரசில் இருக்கிறது. லியோண்டியஸ் என்பவன் துறைமுகத்திலிருந்து ஏதென்ஸுக்கு நடந்து வருகிறான். மதிலுக்கு வெளியே பிணங்கள் கிடக்கின்றன. பார்க்க ஆசை, ஆசைப்படுவதில் அருவருப்பு. முகத்தை மூடிக்கொண்டு போராடுகிறான். கடைசியில் தோற்று, ஓடிப்போய்த் தன் கண்களையே திட்டிக்கொண்டு பார்க்கிறான். ஆசையும் ரோஷமும் மனத்தின் வேறு வேறு பகுதிகள் என்று நிறுவுவதற்கு பிளேட்டோ இதைப் பயன்படுத்துகிறார். அந்தப் பிணங்கள் யாருடையவை என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. அவற்றின் பக்கத்தில் நின்றவன் கொலைஞன்: நகரத்தின் சம்பளம் வாங்குகிற கொலைஞன். அவை அரசு கொன்ற பிணங்கள்.

எட்மண்ட் பர்க் 1757இல் ஒரு பரீட்சை சொன்னார். மிகச் சிறந்த துன்பியல் நாடகத்தை மிகச் சிறந்த நடிகர்களைக் கொண்டு நடத்துங்கள். கூட்டம் கூடிய சமயத்தில், பக்கத்துச் சதுக்கத்தில் ஒரு பெரிய மனிதனுக்கு மரண தண்டனை நிறைவேறப்போகிறது என்று அறிவியுங்கள். கொட்டகை காலியாகிவிடும். போலியைவிட நிஜம் இழுக்கும் என்பதற்கு இதை உதாரணமாக்கினார் பர்க். இங்கேயும் அரசு கொன்ற பிணந்தான்.

ட்ரூமன் கபோட்டி எழுதிய ‘இன் கோல்ட் ப்ளட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய நிஜக் குற்ற எழுத்துக்கெல்லாம் அதுவே தாய். 1959 நவம்பரில் கான்சாஸ் மாநிலத்து ஹோல்கம் கிராமத்தில் ஒரு குடும்பத்தில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்ற இருவரும் பிடிபட்டார்கள், தண்டனையும் விதிக்கப்பட்டது. அப்பீல்கள் வருஷக்கணக்கில் இழுத்தன. புத்தகத்தை கபோட்டியால் முடிக்க முடியவில்லை. முடிவு வராமல் எப்படி முடிப்பது? 1965 ஏப்ரல் 14ஆம் தேதி இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வருஷமே ‘நியூயார்க்கர்’ நான்கு இதழ்களில் வெளியிட்டது, 1966இல் புத்தகமாயிற்று. அந்த எழுத்தின் தேர்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதன் உருவமே ஒரு தூக்குக்காகக் காத்திருந்தது. வாசகனும் அதே தூக்குக்காகத்தான் பக்கங்களைப் புரட்டுகிறான். நாலு பிணங்களோடு ஆரம்பித்த கணக்கு ஆறில் நேர் செய்யப்பட்டதும் அவனுக்கு மூச்சு சீராகிறது.

கள்வனைத் தேடிப் போன கண் இறையிடம் போய் நிற்கிறது என்பதை இந்த மூன்று உதாரணங்களும் எனக்குக் காட்டுகின்றன. அச்சத்தின் நான்காவது நிலைக்களன் காலியாக இல்லை. அதுதான் மற்ற மூன்றுக்கும் முடிவுரை எழுதுகிறது, அச்சமாக அல்ல, ஆறுதலாக. நிஜக் குற்றக் கதையின் இழுப்பில் பாதி இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. நாம் எதற்கு அதிகமாகப் பயப்பட வேண்டுமோ, நம்மைச் சட்டப்படி கொல்லக்கூடிய சக்தி எதுவோ, அது கடைசி அத்தியாயத்தில் காப்பாற்றுகிறவனாக வந்துவிடுகிறது.

நம் கலிங்கத்துப்பரணியும் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறது. போர்க்களத்தில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கிற பகுதியைப் பயங்கரமும் நகைச்சுவையும் கலந்த அற்புதம் என்று கல்லூரிகளில் ரசித்துச் சொல்லித் தருகிறார்கள். அற்புதந்தான். பானையில் கொதிப்பவர்கள் கலிங்கத்து மனிதர்கள் என்பதும், அந்தப் படையெடுப்பு முதலாம் குலோத்துங்கன் காலத்தில் நிஜமாக நடந்தது என்பதும் ரசனைக்குக் குறுக்கே வருவதில்லை. வயிறு நிரம்பிய பேய்கள் கடைசியில் அரசனை வாழ்த்துகின்றன. அணங்கில் ஆரம்பித்த அச்சம் இறையின் புகழில் முடிகிறது. ஜெயங்கொண்டார் மகாகவி என்பதால் இந்தக் கேள்வி செல்லாததாகிவிடாது.

இந்த ஒழுங்கு ஒருமுறை கலைந்தது. 1980களின் இறுதியில் சென்னையில் நடந்த தொடர் கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிட முன்வந்தபோது, சிறைத்துறைத் தலைமை வெளியிடக் கூடாது என்று கடிதம் எழுதியது. உயர் அதிகாரிகள் பலரோடு அவனுக்கிருந்த உறவை அந்த சுயசரிதை சொல்கிறது, தடுப்பது அதற்காகத்தான் என்றது பத்திரிகை. கள்வரும் இறையும் ஒரே பக்கத்தில் வந்துவிடக்கூடிய நிலை. உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்ன தீர்ப்பு இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது: அதிகாரிகள் முன்கூட்டித் தடை போட முடியாது, பொது ஆவணங்களில் உள்ளதை அனுமதியின்றி வெளியிடலாம், அதற்கு அப்பால் ஒரு மனிதனின் அந்தரங்கம் அவனுடையது. ஒரு விதிவிலக்கையும் சேர்த்தது. கடத்தல், பாலியல் வன்முறை போன்றவற்றுக்கு ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும், அதை வெளியிட்டு அவளை மேலும் அவமானப்படுத்தக் கூடாது. 1995இல் சங்கர் சேலத்தில் தூக்கிலிடப்பட்டான். தொடர்களும் கதைகளும் இன்னும் வருகின்றன. அவன் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

அந்த விதிவிலக்கில் ஒரு விமர்சன தத்துவமே அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. நடந்தது உண்மை என்பதாலேயே அதைச் சொல்ல உரிமை வந்துவிடாது. செத்தவனுக்கும் சிதைக்கப்பட்டவளுக்கும் சொல்கிறவன் ஏதோ பாக்கி வைத்திருக்கிறான், கேட்கிறவனும் வைத்திருக்கிறான்.

இப்படிச் சொல்வதால் நிஜக் கொலைக் கதைகளைப் படிக்கக் கூடாது என்று ஆகாது. அளந்து பார்க்கிற மனம் எனக்கும் உண்டு, தூக்குக்குக் காத்திருக்கிற மனமும் உண்டு. ஒழுக்க போதனை செய்கிறவர்களைவிட லியோண்டியஸ் எனக்கு நெருக்கமானவன். குறைந்தபட்சம் அவன் தன் கண்களைத் திட்டினான். இந்தப் பிரதிகளை மதிப்பிட நடை, கட்டமைப்பு என்று நாம் வழக்கமாக வைத்திருக்கிற அளவுகோல்கள் போதாது என்றுதான் சொல்ல வருகிறேன். இரண்டு கேள்விகளை அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். புத்தகத்தை மூடிய பின், செத்தவரைப் பற்றி, அவர் செத்த விதம் தவிர, நமக்கு ஏதாவது ஒன்று தெரிந்திருக்கிறதா? இறை வருகிற இடத்தில் நமக்குப் பயம் கூடியதா, குறைந்ததா?

இரண்டாவது கேள்விக்கு நாம் சொல்கிற பதில் இலக்கியத்தை மட்டும் பொறுத்ததல்ல.